சீட்டு இருக்கிறது... ஆளைக் காணோம்!

காலை மணி பத்து.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு. டாக்டர் தினமும் வருவது இல்லை. குறிப்பிட்ட நாளில்தான் வருவார். அன்று அந்த நாள். வராந்தா நிறையக் கூட்டம்.

மேஜை மேல் ஒரு பெரிய நோட்டு. அன்று வர வேண்டியவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டு இருக்கின்றன. நர்சு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்.

முதல் பெயர் – வந்தாயிற்று. இரண்டாவது பெயர் – வந்தாயிற்று. மூன்றாவது பெயர் – பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறார். அப்போதும் பதில் இல்லை.

பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு. "வரவில்லை." அவ்வளவுதான். அடுத்த பெயர்!

கோடு போட ஒரு விநாடி போதும். ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

தாயும் மகனும்

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு தாய். கணவர் இல்லை. ஒரே மகன். வயது 26. ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன். திடீரென்று தனியாகப் பேச ஆரம்பித்தான். "யாரோ என்னைத் திட்டுகிறார்கள்" என்றான். ராத்திரி தூங்குவது இல்லை. சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளி விட்டான்.

தாய் முதலில் கோவிலுக்குப் போனாள். மந்திரித்துக் கயிறு கட்டினாள். பிறகு யாரோ சொல்ல, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் மகன் தூங்கினான்; சாப்பிட்டான்; "அம்மா, வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்டான். தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாவது மாதம்தான் அந்தச் சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் வரவில்லை?

இந்தத் தாயும் மகனும் குறிப்பிட்ட ஒரு வீட்டார் அல்லர். பல வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துச் சொன்ன கதைதான் இது. ஆனால் காரணங்கள் எல்லாம் உண்மை. அவற்றைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். 2021–ம் ஆண்டு மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்சில் டிக்கெட் இல்லை. அதனால் தாய்க்குச் செலவு இல்லை. மகனுக்கு உண்டு. அதையும் சமாளிக்கலாம். ஆனால் அது நடவு நேரம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று.

மாத்திரை சாப்பிட்டதில் மகனுக்குக் கை நடுங்கியது. பகலிலும் தூக்கம் வந்தது. "இந்த மாத்திரையே வேண்டாம்" என்றான். இது மருந்தின் பக்க விளைவு என்றும், டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார் என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

போன தடவை தேதி தவறி இரண்டு நாள் கழித்து வந்தார்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில், "இஷ்டத்துக்கு வர இது என்ன சத்திரமா?" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தாய் தலை குனிந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் இப்போது நன்றாக இருக்கிறான்! "குணமான பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?" என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். அதுவும் சரிதானே என்று தாய்க்குத் தோன்றியது.

இதிலேதான் ஆபத்து இருக்கிறது.

காய்ச்சல் வேறு, இது வேறு

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். நோயாளியே டாக்டரைத் தேடுவான். கால் முறிந்தால் சொல்லவே வேண்டாம்.

மனச்சிதைவு போன்ற கடுமையான மன நோய் அப்படி அல்ல. "எனக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்குத்தான் புத்தி சரி இல்லை" என்று நோயாளியை நினைக்க வைப்பதே அந்த நோயின் குணங்களில் ஒன்று. மருந்தை நிறுத்திய மறுநாளே கெடுதல் தெரிவதும் இல்லை. வாரங்கள் போகும். சில சமயம் மாதங்கள் கூடப் போகும். "பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று நோயாளி சொல்வான். பிறகு ஒரு நாள் ராத்திரி பழைய குரல்கள் மீண்டும் கேட்கும்.

அதனால்தான் மன நோய்ப் பிரிவில் தேதி தவறுகிறவர்கள் அதிகம். இது நம் ஊரில் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் கூட, மற்றப் பிரிவுகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் மன நோய்ப் பிரிவுக்கு வராமல் இருந்து விடுகிறார்கள் என்று டாக்டர்கள் எழுதி இருக்கிறார்கள்.

இந்தியாவில் 2015–16–ம் ஆண்டுகளில் தேசிய மன நலக் கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தவர்களில் 100 பேருக்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு வகை மன நோய் இருப்பதாக அதில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியத்துக்கே வரவில்லை. வந்தவர்களையும் பாதி வழியில் விட்டு விடலாமா?

திருப்போரூர் சொல்லும் பாடம்

விட்டு விட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது உத்திரமேரூருக்கு வெகு தூரத்து ஊர்க் கணக்கு அல்ல. கந்தசுவாமி கோவில் இருக்கும் திருப்போரூரில் எடுத்த கணக்கு! நீண்ட காலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருப்போரூர், 2019–ம் ஆண்டு மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது.

சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒரு தொண்டு நிறுவனம் உண்டு. சுருக்கமாக "ஸ்கார்ப்" என்பார்கள். அதை 1984–ம் ஆண்டு தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மன நோய் டாக்டர் என்று பெயர் பெற்றவர். 1961–ம் ஆண்டு முதல் 1978–ம் ஆண்டு வரை கீழ்ப்பாக்கம் மன நோய் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வகித்தவர். ஆஸ்பத்திரியில் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் மீண்டும் நோயோடு திரும்பி வருவதைக் கண்ணால் கண்டவர். 2021–ம் ஆண்டு டிசம்பர் 5–ந் தேதி தமது 98–வது வயதில் காலமானார்.

அந்த நிறுவனம் 1989–ம் ஆண்டு திருப்போரூரில் ஒரு மன நல மருத்துவ நிலையம் திறந்தது. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. நோயாளிகள் சொந்தக் காலில் நிற்கக் கைத்தொழில்களுக்கு உதவியது. பத்து ஆண்டுகள் வேலை நடந்தது. 1999–ம் ஆண்டோடு நிலையம் மூடப்பட்டது.

ஆறு ஆண்டுகள் ஓடின. "நம்மிடம் வைத்தியம் பார்த்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று பார்க்க, 2005–ம் ஆண்டு அதே நிறுவனத்தார் திருப்போரூருக்குத் திரும்பிப் போனார்கள். நீண்ட நாள் நோயாளிகள் 185 பேரைத் தேடினார்கள்.

கிடைத்த விடை நெஞ்சை உலுக்கியது.

வைத்தியத்தைத் தொடர்ந்தவர்கள் 100–க்கு 15 பேர்தான்! 35 பேர் மருந்தை நிறுத்தி விட்டார்கள். 21 பேர் இறந்து விட்டார்கள். 12 பேர் வீட்டை விட்டு எங்கோ போய் விட்டார்கள். மீதி 17 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மருந்தை நிறுத்தியவர்களில் நாலில் ஒருவருக்கு நோய்க்குறி இல்லை. மீதி மூன்று பங்குப் பேருக்கு நோய் முற்றிப் போயிருந்தது.

பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்ன ஆயின? மன நல வேலை ஒரே வருடத்தில் நின்று விட்டது. ஊர்க் குழுவும் ஒரு வருடம்தான் நடந்தது. தொழில் திட்டங்களில் கோழி வளர்ப்பு ஒன்றுதான் நிலைத்தது!

ஏன் இப்படி? போக வரச் செலவு. தூரம். நோயைப் பற்றிச் சரியான அறிவு இல்லாமை. குடும்பத்திலும் ஊரிலும் துணை இல்லாமை. "எல்லாம் அவர்களே பார்த்துக் கொள்வார்கள்" என்று குடும்பத்தார் நிறுவனத்தையே நம்பி இருந்து விட்டது.

தாங்கள் செய்த வேலை நிலைக்கவில்லை என்பதை மறைக்காமல், 2008–ம் ஆண்டு அவர்களே கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள். அதைப் பாராட்ட வேண்டும். கணக்குக் காட்டினால்தானே அடுத்தவர் பாடம் படிக்க முடியும்?

ஒரு தடவை பயிற்சி கொடுத்துச் சான்றிதழைக் கையில் கொடுத்து விட்டால் போதாது. பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவரைக் கேள்வி கேட்க ஒருவர் மேலே இருக்க வேண்டும். திருப்போரூர் சொன்ன பாடம் இதுதான்.

ஆறு வாரப் பயிற்சி

பாடம் வீண் போகவில்லை. 2009–ம் ஆண்டு ஒரு புதிய சோதனை தொடங்கியது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, மராட்டியத்தில் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் அது நடந்தது.

மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். 95 பேருக்கு வழக்கம் போல டாக்டர் வைத்தியம். மற்ற 187 பேருக்கு டாக்டர் வைத்தியத்தோடு, வீடு தேடி வரும் ஓர் ஊழியரின் துணையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அந்த ஊழியர் யார்? டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. உள்ளூரில் பள்ளிப் படிப்பு முடித்த சாதாரண ஆள். நாலு பேரிடம் அன்பாகப் பேசத் தெரிந்தவர். அவருக்கு ஆறு வாரம் பயிற்சி.

அவர் வீட்டுக்குப் போவார். நோய் என்ன என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்குவார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பார். குளிக்க, சாப்பிட, நாலு பேரோடு பழக, மெல்ல வேலைக்குத் திரும்ப வழி சொல்வார். முதலில் அடிக்கடி போவார்; நோயாளி தேறத் தேற, மாதம் ஒரு முறை போவார்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஊழியர் போன வீடுகளில் நோயும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்து இருந்தன. மூன்று இடங்களிலும் அதிகப் பலன் தெரிந்தது எங்கே தெரியுமா? தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான்! இந்த முடிவு 2014–ம் ஆண்டு "லான்செட்" என்ற உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

அதிசயம் எதுவும் நடந்து விடவில்லை. பலன் ஓரளவுதான். நோயாளியை ஊரார் இளப்பமாகப் பார்ப்பதும் குடும்பத்தின் பாரமும் இதனால் குறையவில்லை. ஆனாலும் ஒன்று உறுதியாகிப் போயிற்று. டாக்டர்கள் குறைவாக உள்ள இடத்தில், பயிற்சி பெற்ற ஊழியரின் கால்நடையும் ஒரு மருந்துதான்.

என்ன கற்றுக் கொடுக்க வேண்டும்?

தேதி தவறாமல் நோயாளி வர வேண்டுமானால், பயிற்சி டாக்டருக்கு மட்டும் போதாது. சீட்டு எழுதுகிறவர், மருந்து கொடுக்கிறவர், நர்சு, வாசலில் நிற்கும் காவலாளி எல்லோருக்கும் வேண்டும். நோயாளி முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல, இவர்களைத்தான்.

முதல் பாடம் நாக்கு. தேதி தவறி வந்தவரை, "ஏன் வரவில்லை?" என்று அதட்டினால் அடுத்த தடவை அவர் வரவே மாட்டார். "வாங்கம்மா, போன வாரம் உங்களைக் காணோமே என்று நினைத்தோம். தம்பி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், அவரே காரணத்தைச் சொல்லி விடுவார்.

இரண்டாவது பாடம் நோட்டு. வந்தவர் கணக்கைப் போலவே வராதவர் கணக்கும் வேண்டும். பகல் மருந்து கொடுத்து முடிந்ததும், அன்று வராதவர்களின் பெயர்களைத் தனியாக எழுத வேண்டும். அதை யார் பார்ப்பது என்று ஒருவர் பெயரைக் குறிக்க வேண்டும். "எல்லோரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது பாடம் டெலிபோன். வர வேண்டிய நாளுக்கு முன்னதாக ஒரு தடவை. வராவிட்டால் அன்றோ மறுநாளோ ஒரு தடவை. நம்பர் மாறிப் போயிருந்தால் அந்தக் கிராமத்து நர்சிடம் சொல்லி வீட்டுக்கே போகச் சொல்ல வேண்டும். 2021–ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடிப் போயிற்று. வீட்டைத் தேடிப் போவது நடக்கக் கூடிய காரியம்தான்.

நான்காவது பாடம் ரகசியம். டெலிபோனை எடுப்பது நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். பெண் பார்க்க வந்த சம்பந்தியாகக் கூட இருக்கலாம்! "மனநோய்ப் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்று உளறினால் ஒரு கல்யாணமே நின்று விடும். நோயாளியின் விவரத்தை வெளியே விடக் கூடாது என்று 2017–ம் ஆண்டு மன நலச் சட்டமும் சொல்கிறது. வராந்தாவில் நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் இதே தவறுதான்.

ஐந்தாவது பாடம் காரணத்தைப் போக்குவது. கை நடுங்குகிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நடவு நேரம் என்றால், டாக்டரைக் கேட்டு அடுத்த தேதியைத் தள்ளி வைத்து, அதுவரை மாத்திரை கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தினம் மாத்திரை சாப்பிட மறுக்கிற சிலருக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஆஸ்பத்திரியிலேயே மருந்து தீர்ந்து போய், "அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பினால், அது நோயாளியின் தவறு அல்ல. அந்தச் சிவப்புக் கோட்டை ஆஸ்பத்திரியின் பெயருக்கு நேராகப் போட வேண்டும்!

கணக்குக் காட்டிய ஊர்

உத்திரமேரூரில் கணக்குக்கு மதிப்பு உண்டு. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921–ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று கல்லில் எழுதி வைத்தார்கள்.

அதே மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11–ம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி நடந்ததை அது கூறுகிறது. வைத்தியர் ஒருவர். அறுவை செய்பவர் ஒருவர். அவர்களோடு நின்று விடவில்லை. மூலிகை கொண்டு வருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கும் எவ்வளவு நெல் கூலி என்று எழுதி இருக்கிறார்கள்.

டாக்டர் ஒருவரால் மட்டும் ஆஸ்பத்திரி நடக்காது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்த மண் அது. அந்த மண்ணில், வராதவர் கணக்கையும் ஒரு நோட்டில் எழுத முடியாதா?

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஊழியருக்குப் பயிற்சி வேண்டியதைப் போலக் குடும்பத்துக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நன்றாக இருக்கும்போதும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பது மருந்தினால்தான். தேதி தவறி விட்டதா? வெட்கப்பட வேண்டாம். மறுநாளே போகலாம். அடுத்த தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சரியான டெலிபோன் நம்பரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தூக்கம் கெடுவது, தனியாகப் பேசுவது, சாப்பிட மறுப்பது – இவை திரும்பினால் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோவிலுக்கும் போங்கள், ஆஸ்பத்திரியை மட்டும் விடாதீர்கள்.

அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மன நோய் மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று மன நலச் சட்டம் சொல்கிறது. வைத்தியம் பெறுவது பிச்சை அல்ல; உரிமை. என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் நேரத்தில் 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யலாம். "டெலி மானஸ்" என்ற இந்த அரசாங்க உதவி 2022–ம் ஆண்டு அக்டோபர் 10–ந் தேதி தொடங்கப்பட்டது. காசு இல்லை. தமிழிலேயே பேசலாம்.

மீண்டும் அந்தக் கிராமத்துக்குப் போவோம்.

சாயங்காலம். தாய் நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வருகிறாள். வாசலில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து மகனோடு பேசிக் கொண்டிருக்கிறார். கையில் ஒரு சின்ன நோட்டு.

"யாரம்மா?"

"ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேம்மா. செவ்வாய்க்கிழமை உங்களைக் காணோம். தம்பிக்குக் கை நடுங்குகிறதாமே! டாக்டரிடம் சொல்வோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வர முடியுமா? காலை முதல் பஸ்சுக்கு வந்தால் சீக்கிரம் அனுப்பி விடுகிறோம். மத்தியானம் வேலைக்குப் போய் விடலாம்."

தாய் மகனைப் பார்த்தாள். மகன் தலையை ஆட்டினான்.

நோட்டில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் எழுதினார்: "வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வருகிறார்கள்."